சென்னையின் எஃப்சி: 0-4க்கு அர்த்தம் உண்டா, இல்லையா?

கணக்கன்

நேற்று இங்கே ஒருவர், "பிரீ சீசன் (லீகுக்கு முந்தைய ஆயத்த ஆட்டங்கள்) முடிவுகளைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்குக் கால்பந்து தெரியாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பெயர் சொல்லவில்லை. பெரியமேட்டுப் பக்கம் வசிப்பவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2025 அக்டோபர் கடைசியில் கோவாவில் நம் சென்னையின் எஃப்சி ஆடிய சூப்பர் கோப்பையை நினைத்துப் பாருங்கள். மோகன் பகானிடம் 0-2. ஈஸ்ட் பெங்காலிடம் 0-4. டெம்போவையாவது வென்றோமா என்றால் அதுவும் 1-1. ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) நடக்குமா நடக்காதா என்றே தெரியாமல் மாதக்கணக்கில் கிடந்த அணி அது. ஆகஸ்டில் சம்பளத்தையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்த ஆட்டங்களைத் தவிர நமக்குப் பிரீ சீசன் என்று கண்ணால் பார்க்க எதுவும் கிடைக்கவில்லை. இப்போது 2026 பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும் என்கிறார்கள். ஒரே சுற்று, மொத்தம் 91 ஆட்டங்கள், ஓர் அணிக்கு 13. இதில் முதல் மூன்றைக் கோட்டைவிட்டால் எந்த இரண்டாம் சுற்றில் எழுந்திருப்பது? பதறாமல் வேறு என்ன செய்வது? பாயசம் வைப்பதா?

பெரியமேடு நீலன்

பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் தம்பி. நான்தான் எழுதினேன். இன்னொரு முறையும் எழுதுவேன்.

2015. முதல் ஆட்டம், நம் மைதானத்தில், கொல்கத்தாவுடன். 2-3 என்று தோற்றோம். அவர்களின் போஸ்டிகா இரண்டு கோல் போட்டார். அந்த ஆண்டு கோப்பை யாருக்கு? நமக்கு.

2017. முதல் ஆட்டம், அதே மைதானம், கோவாவுடன். மறுபடியும் 2-3. அந்தச் சீசனின் கோப்பை யாருக்கு? நமக்கு.

இரண்டு இறுதி ஆட்டங்களிலும் நாம் வென்ற கணக்கு என்ன? 3-2. ஃபட்டோர்டாவில் 3-2, பெங்களூருவில் 3-2. எண்களைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் எப்படி இருந்தோம் என்பதற்கும் முடிவில் எங்கே நின்றோம் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சைடன்ஹாம்ஸ் சாலையில் டீக்கடை வைத்திருப்பவருக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

கணக்கன்

ஐயா, நான் பிரீ சீசனைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் சொல்வது லீகின் முதல் ஆட்டம். இரண்டும் ஒன்றா?

பெரியமேடு நீலன்

பிரீ சீசன் சரியாக இருந்திருந்தால் முதல் ஆட்டத்தில் ஏன் 2-3 என்று தோற்கிறோம்? சரியாக இல்லை, அதனால் தோற்றோம். சரியாக இல்லாமலே கோப்பையும் வாங்கினோம். இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

கணக்கன்

நல்லது. 2018-19ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கிய சீசன். அதிலும் முதல் ஆட்டம் தோல்விதான். முடிவில் 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 9 புள்ளிகள், பத்தாவது இடம். பத்து அணிகளில் பத்தாவது. தோல்வியோடு தொடங்கினால் கோப்பை என்ற உங்கள் ஜோதிடம் அந்த வருடம் விடுப்பில் போயிருந்ததா?

பெரியமேடு நீலன்

அந்த ஆட்டம் பெங்களூருவில் 0-1. நான் சொன்னது 2-3. வாசித்துவிட்டுப் பதில் எழுதவும்.

அண்ணாநகர் அகிலா

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீலன் அண்ணா சொல்லும் 2017 ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடைவேளைக்குள்ளேயே கோவாவின் கோரோ, லான்சரோட்டே, மந்தார் மூவரும் அடித்து 0-3. எனக்கு முன்வரிசையில் இருந்தவர் கொடியைக் கம்பிலிருந்து உருவி, நான்காக மடித்து, பிளாஸ்டிக் பைக்குள் வைத்து முடிச்சும் போட்டுவிட்டார். 70ஆவது நிமிடத்தில் நம் கால்டெரோன் அடித்தார். அவர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், முடியவில்லை. பல்லால் கடித்துப் பையைக் கிழித்தார். கடைசிக் கட்டத்தில் ரஃபேல் அகஸ்டோவின் பெனால்டி. இன்னும் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் சமன் செய்திருப்போம்.

என் கேள்வி இதுதான். நவம்பர் புழுக்கத்தில், மூன்று கோல் பின்தங்கிய அணிக்குக் கடைசி 20 நிமிடத்தில் அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது? பிரீ சீசனில் உடம்பை வளைத்து உழைத்ததால் வந்தது. அந்த 2-3 பிரீ சீசன் வீண் என்பதற்குச் சாட்சி இல்லை. அது பலித்தது என்பதற்கே சாட்சி.

கணக்கன்

அப்படிப் போடுங்கள் அகிலா.

பெரியமேடு நீலன்

அகிலா, உங்கள் வாதப்படி பார்த்தாலும் இடைவேளை வரை 0-3. அந்த முதல் 45 நிமிடத்துக்குப் பிரீ சீசன் நடக்கவில்லையா? இடைவேளையில்தான் நடத்தினார்களா? பயிற்சியாளர் ஜான் கிரிகரி உடைமாற்றும் அறையில் போட்ட சத்தம்தான் அந்த இரண்டு கோல். நான் அன்று மைதானத்தில் இருந்தேன். பி ஸ்டாண்டில்.

2-3 என்பது 2-3தான். அதை யாரும் 2-0 ஆக மாற்ற முடியாது.

கோவை மேட்டுக்காரன்

சென்னைக்காரர்கள் ஒரு தோல்வியை வைத்துக்கொண்டு இவ்வளவு பெருமை பேசுவதை இப்போதுதான் பார்க்கிறேன். 2018-19இல் நீங்கள் 9 புள்ளிகளோடு அடியில் கிடந்தபோது, எங்கள் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி ஐ-லீகையே வென்றது. கடைசி நாளில் மினர்வாவை 3-1. பெட்ரோ மான்சி 21 கோல். அந்த அணிக்குப் பெரிய மனிதர்கள் முதலாளிகளாக இல்லை, விளம்பரப் பலகை இல்லை, வெளிநாட்டுப் பயிற்சி முகாமைப் பற்றிய படங்கள் இல்லை. பந்து மட்டும் இருந்தது.

பெரியமேடு நீலன்

உங்கள் அணியின் பெயரிலேயே எங்கள் ஊர்தான் இருந்தது. அந்த அணி இப்போது எந்த லீகில் ஆடுகிறது என்று சொல்லிவிட்டுப் பேசவும்.

கோவை மேட்டுக்காரன்

இல்லாமல் போன அணியைச் சொல்லிக் காட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். ஆகஸ்டில் உங்கள் அணியும் ஆறு அடி ஆழத்தில்தான் கிடந்தது.

தூத்தூர் அலை

கோவையும் சென்னையும் சண்டை போடுவது இருக்கட்டும். ஐ-லீக் வென்ற அந்த அணியிலும், அதற்கு முன்னும் பின்னும், ஓடியவர்கள் யார்? எங்கள் கரையோரத்துப் பிள்ளைகள். மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் இருந்தபோது சென்னையின் எஃப்சிக்கு அவர் கண்ணில் படவில்லை. ஜாம்ஷெட்பூருக்குத்தான் பட்டது. பிறகு கொல்கத்தா. குமரி மாவட்டத்தில் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்குப் பிரீ சீசன் என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுவதும் அதுதான்.

வியாசை வலதுகால்

தூத்தூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி. பிரீ சீசன் என்றால் இவர்களுக்கு முகாம், ஜிம், கூம்புகளை நட்டு வைத்து நடுவே ஓடுவது. எங்கள் வியாசர்பாடியில் ஒரு பையன் விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வந்தால் பள்ளி மணி அடிக்கும்வரை பந்தை விடமாட்டான். 2023 ஆகஸ்ட் 12, லீகுக்கு முன் நடக்கும் டூரண்ட் கோப்பையில் கொல்கத்தா டெர்பி, அதாவது ஒரே ஊரின் இரண்டு அணிகள் மோதும் ஆட்டம். மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று வென்றது. அதற்கு முன் எட்டு டெர்பிகளாக அவர்களுக்குத் தோல்வி. அந்தக் கோலை அடித்தவர் நந்தகுமார் சேகர். நம் வடசென்னைப் பிள்ளை. வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்துத் தூரக் கம்பத்தின் ஓரமாக. ஆகஸ்ட் மாத ஆட்டம்தான், பிரீ சீசன் காலம்தான். அதற்கு அர்த்தம் இல்லை என்று கொல்கத்தாவில் போய்ச் சொல்லிப் பாருங்கள். திரும்பி வரமாட்டீர்கள்.

பெரியமேடு நீலன்

டூரண்டைப் பற்றிப் பேச்சு எடுத்ததற்கு நன்றி வலதுகால். இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே 2023, அதே டூரண்ட். நாம் பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் வென்றோம். ஹைதராபாத்தை வென்றோம், டெல்லியை வென்றோம், நேபாளத்திலிருந்து வந்த திரிபுவன் ஆர்மியை வென்றோம். மூன்றுக்கு மூன்று. இங்கே என்ன கொண்டாட்டம்! "பயிற்சியாளர் ஓவன் கோய்ல் திரும்பி வந்துவிட்டார், கப் நமக்கே" என்று எழுதியவர்களின் பதிவுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கணக்கன் தம்பியுடையதும் இருக்கிறது. கால் இறுதியில் கோவா 4-1 என்று வழியனுப்பி வைத்தது. பிறகு லீக். முதல் மூன்று ஆட்டங்கள்? ஒடிசா, நார்த் ஈஸ்ட், மோகன் பகான். மூன்றுக்கு மூன்று தோல்வி.

2021இல் டூரண்டை வென்றது யார்? எஃப்சி கோவா. அந்தச் சீசன் லீகில் அவர்கள் எந்த இடம்? ஒன்பது.

பிரீ சீசனில் ஜெயிப்பது கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாப்பாடு. ருசியாக இருக்கலாம். கல்யாணம் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கணக்கன்

உங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்குகிறீர்கள். 2022இல் டூரண்டை வென்ற பெங்களூரு அந்தச் சீசன் ஐஎஸ்எல் இறுதி ஆட்டம் வரை போனது. 2023இல் வென்ற மோகன் பகான் அந்தச் சீசன் லீக் ஷீல்டை, அதாவது அட்டவணையில் முதலிடம் வருபவருக்கான பரிசை, வாங்கியது. 2024இல் வென்ற நார்த் ஈஸ்ட் லீகில் நான்காவது இடம், நாம் பதினொன்று. நான்கு ஆண்டுகளில் மூன்று என் பக்கம். ஒன்று உங்கள் பக்கம்.

தவிர, 2023இல் அந்த மூன்று தோல்விக்குப் பிறகும் ஆறாவது இடத்துக்கு வந்து பிளே ஆஃப் ஆடினோம். எப்படி? 22 ஆட்டங்கள் இருந்தன. இந்த முறை 13. நான் கேட்டது இதைத்தான். இதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லவே இல்லை.

பெரியமேடு நீலன்

சொல்கிறேன். 2015இல் லீகில் எத்தனை ஆட்டங்கள்? 14. உங்கள் 13ஐவிட ஒன்றே ஒன்று அதிகம். 2-3 என்று தொடங்கி, பாதி சீசனில் அட்டவணையின் அடியில் கிடந்து, கடைசி நான்கு ஆட்டங்களை வரிசையாக வென்று அரையிறுதிக்குப் போனோம். டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நம் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடினோம். தொடக்கத்தில் நம்மை 2-3 என்று வென்ற அதே கொல்கத்தாவை அங்கே 3-0. ஃபட்டோர்டாவில் இறுதி ஆட்டம். கடைசி நிமிடத்தில் நம் மெண்டோசா அடித்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் இல்லை, பக்கத்துத் தெருவில் இருந்த நண்பனின் தொலைபேசியில் கேட்டேன். எந்தப் பிரீ சீசனில் இதற்குப் பயிற்சி எடுத்தார்கள்? மெண்டோசா 13 கோல் அடித்த ஆண்டு அது. ஆள் இருந்தால் ஆட்டம் இருக்கும். அவ்வளவுதான்.

கணக்கன்

எட்டு அணிகள் ஆடிய லீக் அது. நான்காவதாக வந்தாலே அரையிறுதி. இப்போது 14 அணிகள். அடுத்து, "ஆள் இருந்தால் ஆட்டம்" என்கிறீர்கள். சூப்பர் கோப்பைக்காகக் கோவாவுக்கு வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லாமல் போனோமே, உங்கள் மெண்டோசா எங்கே?

அண்ணாநகர் அகிலா

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் கிளிஃபோர்ட் மிராண்டா முழுவதும் இந்திய வீரர்களை வைத்து ஆடியதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. எதிரில் நின்ற இரண்டு கொல்கத்தா அணிகளும் டூரண்ட் ஆடிவிட்டு வந்தவை. நாம் அந்தப் போட்டிக்கே போகவில்லை. அவர்கள் காலில் ஆட்டம் இருந்தது, நம் காலில் இல்லை. 0-4இல் எனக்குத் தெரிந்தது அதுதான். முதல் கோலுக்குப் பிறகு நம் நடுக்களம் பின்வாங்கும்போது தடுப்பு வரிசைக்கும் அதற்கும் இடையே ஒரு பஸ்ஸை நிறுத்தலாம் போலிருந்தது. சேர்ந்து ஆடிப் பழகாத அணிக்கு அதுதான் நடக்கும். அதைத்தான் பிரீ சீசன் சரிசெய்யும் என்கிறேன்.

பெரியமேடு நீலன்

2017இல் இடைவேளைக்கு முன் அதே இடைவெளியில் மூன்று கோல் வாங்கினோம் அகிலா. அதே 2-3. அதே அணிதான் பிறகு கோப்பை வாங்கியது. மயில்சன் ஆல்வ்ஸ் இறுதியில் தலையால் இரண்டு அடித்தார். அவரும் அந்த 2-3 அணியில் இருந்தவர்தான்.

கோவை மேட்டுக்காரன்

2-3, 2-3, 2-3. கிளி ஜோசியக்காரர் கூண்டிலிருந்து ஒரே சீட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்.

பெரியமேடு நீலன்

கிளியாவது இருக்கிறது. உங்களிடம் கூண்டுகூட இல்லை.

வியாசை வலதுகால்

நீலன் அண்ணன் ஒன்றை மறந்துவிட்டார். அந்த 2017-18இல் கோவாவை அரையிறுதியில் 3-0 என்று வீழ்த்தினோமே, ஜெஜே இரண்டு அடித்தார். மூன்றாவது யார்? தன்பால் கணேஷ். எங்கள் வியாசர்பாடி. இப்போது அணிப் பட்டியலைப் பாருங்கள். உள்ளூர்ப் பெயர்களை எண்ண ஒரு கை போதும். பிரீ சீசனில் செய்ய வேண்டியது இதுதான், வடசென்னை மைதானங்களில் நான்கு நட்பு ஆட்டம் வையுங்கள், எங்கள் பையன்களோடு மோதிப் பாருங்கள். 0-4ஐவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம்.

தூத்தூர் அலை

வடசென்னை, வடசென்னை. குமரிக்கு வரமாட்டீர்களா? சந்தோஷ் டிராபிக்குத் தமிழ்நாட்டு அணி போனபோதெல்லாம் எங்கள் பிள்ளைகளைத் தேடத் தெரிந்தது.

வியாசை வலதுகால்

வருகிறோம் அண்ணா. மீன் குழம்பு இருந்தால்.

தூத்தூர் அலை

இது கிண்டலா? நான் எழுதியது கிண்டல் இல்லை. கடற்கரையில் இருந்து வந்தால் மீன்தான் நினைவுக்கு வருமா?

கணக்கன்

இருவரும் வேறு இடத்தில் பேசிக்கொள்ளவும். நீலன் ஐயாவுக்கு என் கடைசிக் கேள்வி. 2014இல் முதல் ஆட்டமே கோவாவில் 2-1 வெற்றி. லீக் முடிவில் அட்டவணையின் முதலிடம். நல்ல தொடக்கம், நல்ல முடிவு. இதை எங்கே வைப்பீர்கள்?

பெரியமேடு நீலன்

அரையிறுதியில் கேரளாவிடம் தோற்ற இடத்தில் வைப்பேன். கோப்பை வந்ததா? வரவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024-25இல் முதல் ஆட்டம் புவனேஸ்வரத்தில், ஒடிசாவுடன். நாம் 3-2 என்று வென்றோம். ஃபாருக் சௌத்ரி இரண்டு. உங்கள் கணக்கிலேயே சொல்லிவிட்டீர்கள், முடிவில் என்ன இடம்? பதினொன்று. 2-3 என்று தோற்றால் கோப்பை. 3-2 என்று வென்றால் பதினொன்று. இனிமேலும் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?

கணக்கன்

அப்படியானால் பிப்ரவரியில் 2-3 என்று தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் போகிறீர்களா?

பெரியமேடு நீலன்

நான் என்ன வேண்டிக்கொள்வேன் என்பது எனக்கும் கந்தக்கோட்டத்து முருகனுக்கும் இடையே இருக்கட்டும்.

அண்ணாநகர் அகிலா

நீலன் அண்ணா, ஒரு சின்ன ஐயம். 2017 ஆட்டத்தைப் பி ஸ்டாண்டில் இருந்து பார்த்ததாக மேலே எழுதியிருக்கிறீர்கள். போன வருடம் இதே ஆட்டத்தைப் பற்றி எழுதியபோது, "டி ஸ்டாண்டில் என் மச்சானோடு" என்று எழுதினீர்கள். நான் பி ஸ்டாண்டில்தான் இருந்தேன்.

கணக்கன்

அடடா.

பெரியமேடு நீலன்

இடைவேளையில் இடம் மாறினேன். டி பக்கம் கூரை ஒழுகியது. அன்று கூட்டம் அலைமோதவில்லை, மாறி உட்கார்ந்தால் யாரும் கேட்கவில்லை. இதிலெல்லாம் துப்பறிவீர்கள், 2-3க்கு மட்டும் பதில் வராது.

வியாசை வலதுகால்

அன்று மழை பெய்ததா என்ன?

கோவை மேட்டுக்காரன்

கிளி சீட்டை மாற்றி எடுத்துவிட்டது.

பெரியமேடு நீலன்

கோவைக்காரரே, நீங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்களா? மான்சி 21 கோல் அடித்தார் என்றீர்களே, அதே ஐ-லீகில் அதே 21ஐ சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அடித்தார், அதை ஏன் சொல்லவில்லை? நாளைக்கு வாருங்கள், அதை எடுத்துக்கொள்வோம்.